மீக்கடத்தி ஆளி சின்ன அன்ரெனாவுக்கு உதவுமா?

வெள்ளவத்தை மாணவி:
அண்ணாமார், இறுதியாண்டு வேலை. 10 செ.மீ. விட்டமுள்ள செப்பு வளைய அன்ரெனா, 30 மெகாஹேர்ட்ஸ். கதிர்வீச்சுத் தடை (அலையா வெளிய போற வலுவைக் காட்டிறது) 0.0002 ஓம்தான், 2 மி.மீ. கம்பியின்ர இழப்புத் தடையோ 0.07 ஓம். வலுவெல்லாம் சூடாப் போகுது. மூண்டு கிழமையா இதே யோசினை. மீக்கடத்தி (நல்லாக் குளிராக்கினா மின்தடை இல்லாமப் போற பொருள்) உதவுமா?

தெமட்டகொடை அண்ணா:
உதவும் தங்கச்சி. இற்றியம் பேரியம் செப்பு ஒட்சைட்டு எண்ட பொருள் 92 கெல்வினுக்குக் கீழ மீக்கடத்தியாகும். திரவ நைதரசன் 77 கெல்வின், குளிராக்க அது போதும். ஆனா இழப்புக் குறையக் குறையப் பட்டை அகலமும் (அன்ரெனா வேலை செய்யிற அதிர்வெண் வீச்சு) ஒடுங்கும்.

மாணவி:
அப்ப அதிர்வெண்ணை மாத்திறது?

அண்ணா:
அங்கதான் ஆளி. மெல்லிய படலத்தில மாறுநிலை மின்னோட்டம் (படலம் தாங்கிற உச்ச அளவு) தாண்டினா மீக்கடத்தல் அறும், தடை வரும். அதால கொள்ளளவிகளைச் சேர்க்கலாம், விலக்கலாம், அதிர்வெண் மாறும். டட்லி பக் 1950களில கிறயோட்ரோன் எண்ட மீக்கடத்தி ஆளியில இதைக் காந்தப்புலத்தால செய்தது எனக்கு இண்டைக்கும் வியப்பு.

இன்னொருவர்:
முதல்ல 10 மி.மீ. செப்புக் குழாய் வளைச்சு அளந்து பாருங்கோ. இழப்பு ஏறக்குறைய அஞ்சிலொண்டாகும்.