ஸ்பர்ஸ் ஜெயித்ததெல்லாம் டங்கன் புண்ணியமா?

கேள்வி: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து முறை என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கோப்பை வாங்கியிருக்கிறது. அலட்டலே இல்லாத அணி. எல்லாம் டிம் டங்கன் ஒருவரால்தானா?

பதில் 1: பாதி அவர்தான். 1996-97ல் அணியின் நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தால் உட்கார்ந்துவிட, அணி 20 ஆட்டம் ஜெயித்து 62ல் தோற்றது. அப்புறம் டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) குலுக்கலில் முதல் தேர்வு விழுந்து டங்கன் வந்தார். அதிர்ஷ்டம்தான், வேறென்ன?

பதில் 2: வெறும் அதிர்ஷ்டம் என்றால் எப்படி? அதே டிராஃப்டில் அர்ஜென்டினாவின் ஜினோபிலியை ஒரு வருடம் 57வதாகவும் பிரான்சின் டோனி பார்க்கரை இன்னொரு வருடம் 28வதாகவும் பொறுக்கி எடுத்தார்களே, அதற்குக் கண் வேண்டும்.

பதில் 3: எனக்கு மயாமியிடம் தோற்ற 2013 இன்னும் ஆறவில்லை. இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம், கோப்பை கிட்டத்தட்ட கைக்கு வந்தாச்சு, மயாமியின் போஷ் ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பி வந்த பந்தை) பிடித்துத் தள்ளிவிட, அவர் அணியின் ரே ஆலன் பின்னாலேயே நகர்ந்து மூலைக்குப் போய் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார், மீதி 5.2 விநாடி. டங்கன் அப்போது பெஞ்சில்!

கேள்வி கேட்டவர்: அவரை ஏன் வெளியே எடுத்தார்கள்?

பதில் 2: மூன்று புள்ளி வீச்சைத் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்பது பயிற்சியாளர் போபோவிச்சின் கணக்கு. ரீபவுண்டில் கோட்டை விட்டார்கள். சரி, அடுத்த வருடம் அதே மயாமியை 4-1 என்று துவைத்தார்களே.