மறு: ஹீட் பம்ப் – வெப்பமூட்டியா, வெப்ப இறைப்பியா?

அனைவருக்கும் வணக்கம். வீட்டைச் சூடாக்கும் ‘ஹீட் பம்ப்’ எந்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘வெப்பமூட்டி’ என்றே இருக்கட்டுமே. வீட்டைச் சூடாக்குகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை, ஐயா. வெப்பமூட்டி என்றதும் கம்பி சிவக்கும் ஹீட்டர்தான் கண்முன் வரும். அது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். அதற்குமேல் தர வழியே இல்லை. இந்த எந்திரம் மூன்று யூனிட் தருகிறது, நன்றாக அமைத்தால் நான்கும் தருகிறது. காரணம், வெப்பத்தை இது உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றிலோ மண்ணிலோ ஏற்கெனவே இருப்பதை எடுத்து உள்ளே விடுகிறது. மின்சாரம் அந்த எடுப்புக்கூலி மட்டும்.

> கொட்டும் பனியில் வெளியே வெப்பம் ஏது?

உண்டு. இப்போது பல எந்திரங்களில் ஓடுவது ஆர்290, அதாவது புரோப்பேன். வளியழுத்தத்தில் அது −42 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே −5 டிகிரிக் காற்றுகூட அதைக் கொதிக்கவைக்கப் போதும். கொதித்த ஆவியை அமுக்கி (கம்ப்ரசர்) நெருக்குகிறது, சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டை வீட்டுக்குழாய் நீருக்குக் கொடுத்துவிட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. நம்மூர் ஏசியும் இதே எந்திரம்தான், திசை மட்டும் வேறு. விஞ்ஞானி கெல்வின் இந்த எண்ணத்தை 1852-லேயே எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடத்தில் 1938 முதல் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்தார்கள். புதுக்கருவி என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

‘வெப்ப ஏற்றி’ என்ற இன்னொரு பரிந்துரையை நான் ஏற்கவில்லை. மின்னேற்றி என்றால் சார்ஜர் என்று ஆகிவிட்டது. வெப்ப ஏற்றியைப் பார்ப்பவர் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி என்று எண்ணுவார்.

என் பரிந்துரை வெப்ப இறைப்பி. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க இறைக்கும் பாடு கூடும் அல்லவா? இங்கேயும் அதே கணக்கு. வெளியே 7 டிகிரி, வீட்டுத் தரைக்கடியில் ஓடும் சூட்டுக்குழாய்க்கு 35 டிகிரி நீர் போதும் என்றால், இடைவெளி 28. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை யூனிட் வெப்பம் என்பதைச் சொல்வது கார்னோ வாய்பாடு. 35 டிகிரி என்பது கெல்வின் அளவில் 308; அதை 28-ஆல் வகுத்தால் உச்சவரம்பு 11. வெளியே −7, ரேடியேட்டருக்கு (அறைச் சுவரில் மாட்டும் சூட்டுத்தகடு) 55 டிகிரி நீர் வேண்டும் என்றால் இடைவெளி 62, உச்சவரம்பு ஐந்தரைக்கும் கீழ். நடைமுறையில் இவற்றில் பாதி கிடைத்தாலே நல்ல எந்திரம். எவ்வளவு ஆழத்திலிருந்து, எவ்வளவு உயரத்துக்கு என்ற கேள்வியைச் சொல்லே எழுப்பிவிடுகிறது. ‘மூட்டி’ எழுப்பாது.

> ‘வாரி இறைத்தல்’ என்றால் வீணாகச் சிதறடிப்பது. ‘வெப்ப இறைப்பி’ வெப்பத்தை வீணாக்குவது போல ஒலிக்கிறதே?

நியாயமான ஐயம். ஆனால் ‘தண்ணீர் இறைத்தான்’ என்றால் யாரும் வீணாக்கினான் என்று கொள்வதில்லை. முன்னால் வரும் சொல் பொருளை முடிவுசெய்துவிடும். இலங்கை நண்பர்கள் பாடநூல் வழக்கில் ‘வெப்பப் பம்பி’ என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை, அங்கே எல்லோருக்கும் புரியும் சொல். பம்புக்கான ‘எக்கி’ என்ற சொல் அகராதியைத் தாண்டி வெளியே வரவில்லை என்பது என் கருத்து.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம், இங்கே இலண்டனில் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தயாராகும் ஒரு கையேடு. இங்கிலாந்திலும் வேல்சிலும் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு இதை வைத்தால் 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டு மானியம். வாங்கியவர்கள் பழைய பாய்லரைப் போலவே ஓட்டுகிறார்கள்: காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், குளிரினால் நீரை 60 டிகிரிக்குத் திருகிவிடுவது. பிறகு, பில் எகிறிவிட்டது என்ற புலம்பல். எகிறாமல் என்ன செய்யும்? இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு எரிவாயுவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. பாய்லரின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால், இறைப்பி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டுச் சராசரியாக மூன்றரை யூனிட்டுக்கு மேல் வெப்பம் தந்தால்தான் செலவு சமமாகும். அதற்கு நீரை 35–45 டிகிரியில் வைத்து, நாள் முழுக்க மெதுவாக ஓடவிட வேண்டும். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

வாங்கும்போதும் இதே கதை. ‘பெரிசா ஒண்ணு போட்டுடுங்க’ என்பார்கள். அளவுக்கு மீறிய எந்திரம் மிதமான நாளில் ஓடி நின்று, ஓடி நின்று, அமுக்கியைத் தேய்த்துவிடும். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்குப் போடாமல் விலை சொல்பவரிடம் வாங்கவே கூடாது. பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் பெரிய ரேடியேட்டருக்கும் பரண் மெத்தைக்கும் (கூரை வழியே வெப்பம் போகாமல் தடுக்கும் விரிப்பு) போனால் நல்லது.

அடுத்து, ‘டிஃப்ராஸ்ட்’. ஈரமான குளிரில், பூச்சியத்தை ஒட்டிய நாட்களில், வெளிப்பெட்டியின் தகடுகளில் வெள்ளையாகப் பனி ஏறும். விசிறி நிற்கும், உஸ்ஸென்று ஒரு சத்தம், ஓட்டம் திசை மாறி வீட்டு வெப்பத்தில் கொஞ்சம் வெளியே போகும். பனி உருகி, புகை போல ஆவி எழும். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாத குறை. கீழே வழியும் நீர் நடைபாதைக்குப் போனால் இரவில் கண்ணாடியாக உறையும். வடிகால் வைக்கச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கிறேன். ‘பனி உருக்கல்’ என்று போட்டேன். ‘உறைநீக்கம்’ என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

இறைப்பியிலிருந்து புறப்படும் நீருக்குச் ‘செல்நீர்’, திரும்புவதற்கு ‘மீள்நீர்’. மறுப்பு வராவிட்டால் இவை அப்படியே அச்சுக்குப் போகும். தொக்கி நிற்பது ‘செயல்திறன் குணகம்’ ஒன்றுதான், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்ற எண். தாத்தா பாட்டிகள் படிக்கும் தாளில் குணகமும் வேண்டாம், கெழுவும் வேண்டாம். ‘ஒன்றுக்கு எத்தனை’ என்று எழுதலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
இலண்டனிலிருந்து