அமெரிக்கத் தேர்தலில் எங்களுக்கு என்ன பங்கு? சலூன் சண்டை தீரவில்லை

கொக்குவில் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சந்தி சலூனுக்கு முடிவெட்டப் போனால் இப்பவெல்லாம் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் போகிறது, காரணம் ட்ரம்ப். கடைக்கார அண்ணை ட்ரம்ப் பக்கம். "ஆள் சொன்னதைச் செய்யிறான்" என்பதுதான் அவருடைய ஒரே நியாயம், அதைக் கத்தரிக்கோலை என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக்கொண்டு சொல்லுவார். பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருவர் கமலா ஹரிஸ் தோற்றதை இன்னும் மறக்கவில்லை, திருவாரூர்ப் பக்கம் துளசேந்திரபுரத்து ஆளின் பேத்தி என்பதால் சொந்தத்துக்குள் பிள்ளை போலவே கதைக்கிறார். இது காணாதென்று ரொறன்ரோவிலிருந்து குஞ்சியப்பா வட்சப்பில் குரல்பதிவு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அவருக்கே அந்தத் தேர்தலில் வாக்கில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். கூட வாக்கு எடுத்தவர் அங்கே எப்படித் தோற்கிறார்? அடுத்தது, இரண்டு கட்சியில் எது வந்தால் எங்களுக்கு நல்லது, அல்லது எங்களுக்கு ஒன்றுமே இல்லையா? கடைசியாக, 2028 இலும் ட்ரம்ப்தான் வருவார் என்று கடைக்கார அண்ணை பந்தயம் கட்டுகிறார், அப்படி வரலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கோ, யூடியூப் காணொளி போடாதேங்கோ, டேட்டா இல்லை.

நெல்லியடி மாஸ்டர்:

தம்பி, நீர் சொல்லுகிற மாஸ்டர் நானில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மக்கள் நேரடியாக ஜனாதிபதிக்கு வாக்குப் போடுவதில்லை, தங்கள் மாநிலத்துத் தேர்வாளர்களைத்தான் தெரிகிறார்கள், அவர்கள்தான் ஜனாதிபதியைத் தெரிவு செய்வது. ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை ஆசனமோ அதோடு செனட்டர் இரண்டையும் கூட்டினால் அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. கலிபோர்னியாவுக்கு 54, சனம் குறைந்த வயோமிங்குக்கு 3. வொஷிங்டன் தலைநகருக்கு 3. எல்லாம் கூட்ட 538, அதில் 270 எடுத்தவர் வென்றார். மெயின், நெப்ராஸ்கா இரண்டையும் விட்டால் மற்ற எல்லா இடத்திலும் ஒரு வாக்குக் கூடினாலே மாநிலம் முழுக்க அவருக்கு. இதனால் கலிபோர்னியாவில் முப்பது இலட்சம் வாக்குக் கூட எடுத்தாலும் அதே 54 தான், மிச்ச வாக்கு வேறெங்கும் உதவாது.

2000 இல் அல் கோர் நாடு முழுக்க ஐந்து இலட்சத்துக்கு மேல் கூட எடுத்தார். ஆனால் புளோரிடாவில் 537 வாக்கால் புஷ் முந்தினார், மீள எண்ணுவதை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 இல் நிறுத்தியது, கதை முடிந்தது. 2016 இல் ஹிலாரி ஏறக்குறைய 29 இலட்சம் கூட எடுத்தும் தோற்றார். 2024 இல் இந்தச் சிக்கல் இல்லை. ட்ரம்புக்கு 312, கமலாவுக்கு 226, மக்கள் வாக்கிலும் ட்ரம்ப்தான் முன்னுக்கு. அதனால் உம்முடைய சலூன் மாஸ்டர் முறையைக் குற்றம் சொல்லித் தப்ப ஏலாது.

எங்கள் முறையோடு வைத்துப் பாரும். இங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு முழுத் தீவும் ஒரே தொகுதி, சாவகச்சேரியில் விழுகிற வாக்குக்கும் அம்பாந்தோட்டையில் விழுகிற வாக்குக்கும் ஒரே பெறுமதி. 2005 இல் புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது 1.21 வீதம், மகிந்த வென்ற வித்தியாசம் முழு நாட்டிலும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இங்கே பாதிக்கு மேல் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்கை எண்ண வேண்டும். 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக அப்படி எண்ணினார்கள், அநுரவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 வீதம்தான். அங்கே அப்படி ஒரு விதி இல்லை. 1992 இல் கிளின்டன் 43 வீதத்தோடு ஜனாதிபதி ஆனார். அதே தேர்தலில் பெரோ என்ற கோடீஸ்வரர் சுயேச்சையாக நின்று ஏறக்குறைய 19 வீதம் எடுத்தார், அவருக்குக் கிடைத்த தேர்வாளர் பூச்சியம்.

2024 இல் இங்கே வாக்குச் சாவடியில் ஒரு ஆச்சி முப்பத்தொன்பது பேருடைய பெயர் போட்ட அந்த நீள வாக்குச்சீட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "தம்பி, சங்குச் சின்னத்தைக் கண்டுபிடிச்சிட்டன், இப்ப புள்ளடி போடுறதா ஒண்டு போடுறதா" என்று கேட்டார். உதவி செய்யச் சட்டம் விடாது. இரண்டும் செல்லும் என்று பொதுவாக எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொல்லிவிட்டு அதிகாரி வேறு பக்கம் பார்த்தார். இந்தச் சுதந்திரம் ஒரு அமெரிக்கனுக்கு இல்லை, மெயின் போன்ற ஒன்றிரண்டு இடம் தவிர்த்து. மூன்றாம் ஆளுக்குப் போட்டால் அந்த வாக்கு வீண் என்ற பயத்திலேயே அவர்கள் இரண்டுக்குள் நிற்கிறார்கள்.

வடமராட்சிக்காரி:

மாஸ்டர் கணக்கை நன்றாகச் சொன்னீர்கள். நான் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் "கமலா எங்கட பிள்ளை" கதை எனக்குக் கடுப்பைத் தருகிறது. 2020 மாநாட்டில் அவர் தன் பேச்சில் "சித்திமார்" என்று ஒரு சொல் சொன்னதற்கு இங்கே எத்தனை பேர் கண்கலங்கினார்கள். சரி, நல்ல விஷயம்தான், எனக்கும் கேட்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அந்தச் சொல்லால் வலிவடக்கில் இராணுவம் பிடித்த காணியில் ஒரு பரப்பாவது விடுபட்டதா?

கட்சி பார்த்துப் பிரிக்கிறவர்கள் இதையும் பார்க்கட்டும். புலிகளைத் தடைப் பட்டியலில் போட்டது 1997, கிளின்டன் காலம், ஜனநாயகக் கட்சி. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2012, 13, 14 என்று தொடர்ந்து இலங்கை மீது தீர்மானம் கொண்டுவந்தது ஒபாமா அரசு, அதுவும் ஜனநாயகக் கட்சி. ஆனால் அதே ஒபாமா 2009 மே 13 இல் வெள்ளை மாளிகை வாசலில் நின்று இரண்டு பக்கத்துக்கும் வேண்டுகோள் விட்டார், அதற்கு ஐந்து நாளில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ட்ரம்ப் 2018 இல் மனித உரிமைப் பேரவையை விட்டே போனார். போனவருடைய அரசுதான் 2020 பெப்ரவரியில் சவேந்திர சில்வாவும் குடும்பமும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது, அப்போது அவர் பதவியில் இருக்கும் இராணுவத் தளபதி! பிறகு பைடன் காலத்தில், மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்று மன்னிப்பில் வெளியே வந்த சுனில் ரத்நாயக்கவுக்கு 2021 இல் தடை, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு 2023 இல் தடை.

இதில் எந்த நிறக் கட்சி நல்லது என்று பிரித்துக் காட்டுங்கோ பார்ப்போம். இந்தக் கோப்புகளை நகர்த்துவது இராஜாங்கத் திணைக்களத்தில் மேசையில் இருக்கிற உத்தியோகத்தர்கள். மேலே இருப்பவருக்குக் கொழும்பில் சீனாவைப் பற்றிய கவலை கூடினால் கோப்பு ஒரு மாதிரி நகரும், குறைந்தால் இன்னொரு மாதிரி. பென்சில்வேனியாவில் வாக்குக் கேட்கப் போகிற எவரும் முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கதைக்கப் போவதில்லை. கோபிக்கத் தேவையில்லை, இங்கே வாக்குக் கேட்டு வருகிறவர் எப்போதாவது சூடானைப் பற்றிக் கதைத்தாரா?

சுன்னாகம் சந்தி:

தங்கச்சி சொல்வதில் பாதிதான் சரி. ஜெனீவாவை ஒருக்கா விட்டுவிட்டுச் சட்டையைப் பாருங்கோ. எங்கள் ஏற்றுமதிக்கு ஆகப்பெரிய தனிச் சந்தை அமெரிக்கா, அங்கே போகிறதில் பெரும்பங்கு உடுப்பு. 2025 ஏப்ரல் 2 இல் ட்ரம்ப் இலங்கைக்கு 44 வீதம் தீர்வை என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். என்னுடைய மருமகள் கிளிநொச்சிப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. அடுத்த நாளே லைனில் பிள்ளைகள் ஊசி மாற்றுகிற நேரத்தில்கூட இதைத்தான் கதைத்தார்களாம். பிறகு இடைநிறுத்தினார்கள், 30 என்றார்கள், ஓகஸ்டில் 20 இல் வந்து நின்றது. ஆனால் இடையில் ஓடர் தள்ளிப்போய் ஓவர்டைம் இல்லாமல் போனது, ஓவர்டைம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குச் சீட்டுக்காசு கட்ட வழியில்லை. கமலா வந்திருந்தால் 44 வீதம் வந்திருக்குமா? ஆகவே "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்று எழுதாதேங்கோ, அது மாதச் சம்பளம் உள்ளவர்கள் கதைக்கிற கதை.

முகமாலையையும் பாருங்கோ. கண்ணிவெடி எடுக்கிற வேலைக்கு அமெரிக்கக் காசு எத்தனையோ வருசமாக வந்தது, அந்த வேலையில் நிற்பவர்களில் கனபேர் புருசனை இழந்த பெண்கள். 2025 சனவரியில் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் மனுசன். ஒரு கையெழுத்து, பளையில் ஒரு வீட்டில் உலை ஏறவில்லை.

வடமராட்சிக்காரி:

அண்ணை, சம்பளக் கதையால் அடிக்காதேங்கோ, எனக்கும் மாத முடிவில் கை வெறுமைதான். தீர்வை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நான் சொன்னது நீதி பற்றிய கோப்புகளை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்ட வேண்டாம்.

நியூ ஜேர்சித் தமிழன்:

ஊர் கோண்டாவில், இப்போது நியூ ஜேர்சியின் தெற்குப் பக்கம், வாக்குரிமை உள்ள ஆள் என்பதால் ஒரு வார்த்தை. என் மாநிலம் 1992 இலிருந்து ஜனநாயகக் கட்சிக்குத்தான் போகிறது, அதனால் ஜனாதிபதித் தேர்தலில் என் வாக்கை யாரும் தேடி வருவதில்லை. டெலவெயர் ஆற்றுக்கு அங்கால் பென்சில்வேனியா, 19 தேர்வாளர். எங்களுக்குத் தொலைக்காட்சி பிலடெல்பியாவிலிருந்து வருவதால் அவர்களுக்குப் போடுகிற விளம்பரத்தை நாங்கள் சும்மா பார்க்கிறோம். 2024 ஒக்டோபரில் ஒரு அரைமணிச் செய்தியில் கமலா ஒரு தரம், ட்ரம்ப் ஒரு தரம், மறுபடி கமலா, இடையில் மூட்டுவலி மருந்து. ஆற்றைத் தாண்டி நண்பன் வீட்டுக்குப் போனால் கதவுப் பிடியில் துண்டுப்பிரசுரம் தொங்கும், என் வீட்டுக்கு ஒன்றும் வராது. தேர்தல் நடந்தது ஏழு மாநிலத்தில்தான்: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின், ஜோர்ஜியா, வட கரோலைனா, அரிசோனா, நெவாடா. ஏழையும் ட்ரம்ப் அள்ளிக்கொண்டு போனார்.

எங்கள் சங்கத்து ஒன்றுகூடலில் இதைக் கதைத்தால் இப்போது கொத்துரொட்டி ஆறிவிடும். வரிக்காக ட்ரம்புக்குப் போட்ட வைத்தியர் இருக்கிறார், அகதியாக வந்து குடியுரிமை எடுத்துவிட்டு எல்லையை மூடு என்று கதைக்கிறவரும் இருக்கிறார், அவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். தமிழர் வாக்கு என்று ஒரு மொத்தக் கட்டு இங்கே இல்லை.

எங்களால் ஏதும் ஆகுமென்றால் அது காங்கிரசில். வட கரோலைனாவின் டெபோரா ரொஸ் 2021 இல் பிரதிநிதிகள் சபையில் தமிழர் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை, ஆனால் கொழும்பு அதற்கு மறுப்பு எழுத வேண்டி வந்தது. அந்தப் பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள் அலுவலகப் படியேறிக் கேட்டிருக்கிறார்கள், அவருக்கு அவர்களுடைய வாக்கு வேண்டும், அவ்வளவுதான். ஜனாதிபதிக்கு நான் தேவையில்லை, என் தொகுதி உறுப்பினருக்கு நான் தேவை.

கொக்குவில் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர், மூன்றாம் கேள்வியை விட்டுவிட்டீர்களே. பந்தயம் ஒரு முழுக் கோழி.

நெல்லியடி மாஸ்டர்:

கோழியை எடுத்துக்கொள்ளும். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்பது அங்கே அரசியலமைப்பின் 22 ஆம் திருத்தம், 1951 இல் நடைமுறைக்கு வந்தது. 2016, 2024 என்று இரண்டும் முடிந்துவிட்டது, இடையில் விட்டு வந்தாலும் கணக்கு அதேதான். அதை மாற்ற இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு வேண்டும், பிறகு 50 மாநிலத்தில் 38 ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களைப் போல 2010 செப்டெம்பரில் இந்த இரண்டு தடவை வரம்பை நீக்கிய 18 ஆம் திருத்தத்தை அவசர சட்டமூலமாகக் கொண்டுவந்து ஒரே நாளில் 161 பேர் கை தூக்கி முடிக்கிற வேலை இல்லை. அப்படித் தூக்கியும் 2015 சனவரியில் மூன்றாம் தரம் நின்ற மகிந்த தோற்றார், ஏப்ரலில் 19 ஆம் திருத்தம் பழைய வரம்பைத் திருப்பிக் கொண்டுவந்தது.

கடைக்கார அண்ணை வேறு வழி இருக்கென்று சொல்லுவார், உப ஜனாதிபதியாக நின்று ஏறலாம் என்பார். அதற்கும் 12 ஆம் திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது: ஜனாதிபதியாகத் தகுதியில்லாதவர் உப ஜனாதிபதியாகவும் தகுதியில்லை. சட்டத்தரணிகள் அதில் முடிச்சுப் போட்டு விளையாடுவார்கள், விளையாடட்டும்.

சுன்னாகம் சந்தி:

2028 கிடக்கட்டும். 2026 நவம்பர் 3 இல் பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனமும், செனட்டில் மூன்றிலொரு பங்கும் தேர்தலுக்கு வருகின்றன. கண்ணிவெடிக் காசை ஒதுக்குவது அந்த இரண்டு சபையும்தான். நியூ ஜேர்சித் தம்பி, உங்கள் தொகுதி ஆளுக்கு முகமாலையைப் பற்றி ஒரு கடிதம் போடுவீரா? படம் வேண்டுமென்றால் நான் எடுத்து அனுப்புகிறேன்.

நியூ ஜேர்சித் தமிழன்:

அனுப்புங்கோ அண்ணை. வேலிக்கு வெளியே நின்று எடுங்கோ.