மறு: ‘பிரீடிங் லோன்’ – ஈற்றுவாரம் எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

‘பிரீடிங் லோன்’ (breeding loan) என்பதற்குத் தமிழாக இழையில் வந்த ‘இனப்பெருக்கக் கடன்’ எனக்கு ஒட்டவில்லை. கடன் என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது. உயிரியல் பூங்காக்களுக்குள் நடப்பது அது இல்லை. இனப்பெருக்கத்துக்காக விலங்கு வேறு பூங்காவுக்குப் போகும். உடைமை பழைய பூங்காவிடமே இருக்கும். பிறக்கும் குட்டிகளை எப்படிப் பிரிப்பது என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி.

பென்னாகரம் பக்கம் இதற்குச் சொல் தேடவே வேண்டாம். ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது என்போம். தாயாடு என்றைக்கும் விட்டவருடையது. மேய்ச்சல், வைத்தியம் எல்லாம் வளர்ப்பவர் பாடு. இரண்டு குட்டி போட்டால் ஆளுக்கொன்று. ஆடு செத்தால் நட்டம் யாருக்கு என்பதைத்தான் முதலில் பேசி முடிப்பார்கள். பூங்கா ஒப்பந்தங்களிலும் அதே பேச்சுதான், வக்கீல் நடையில்.

சரி, ‘இனப்பெருக்க வாரம்’ என்று போட்டால் ஏழு நாள் விழா என்று நினைப்பார்கள். ‘வாரக்கடன்’ இன்னும் மோசம். எங்கள் ஊரில் குழுக்கடன் வசூலுக்கு வருபவர்தான் நினைவுக்கு வருவார். ஆகவே ‘ஈற்றுவாரம்’. ஈற்று என்றால் ஈனுதல். தலையீற்று, இரண்டாம் ஈற்று என்பதெல்லாம் மாடு பிடிக்கப் போகிற எவருக்கும் தெரியும். பேச்சில் ஈத்து.

முட்டையிடும் முதலைக்குப் பொருந்துமா என்று கேட்ட ஓசூர் நண்பருக்கு: வாழை குலை ஈனுகிறது, நெல் கதிர் ஈனுகிறது. முதலைக்கு மட்டும் என்ன தடை? நம் சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டு, நீண்ட மூக்குள்ள கரியால் முதலை. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பெட்டைகள் இருந்தன, வளர்ந்த ஆண் இல்லை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பூங்காவிலிருந்து ஓர் ஆண் வந்து சேர்ந்தது. 1980இல் குஞ்சுகள் பொரித்தன.

நிரந்தரமாகக் கைமாறும் விலங்குக்கு இந்தச் சொல் ஆகாது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினால் ‘பரிமாற்றம்’ போதும், அதை மாற்ற வேண்டாம். (எதுவானாலும் பாதுகாக்கப்பட்ட விலங்கென்றால் 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.)

அப்புறம், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பெயர் வேண்டுமே. ‘விட்ட பூங்கா’, ‘பிடித்த பூங்கா’ என்று எழுதிப் பார்த்தேன். பின்னதைப் படித்தால் சுற்றுலாக் கட்டுரை மாதிரி இருக்கிறது. ‘வளர்க்கும் பூங்கா’ என்றே வைத்துக்கொள்ளலாம்.