ராத்திரி வெக்கை, ஜன்னல், துகள் மீட்டர்: அளப்பதில் சறுக்கும் இடங்கள்

பகல் இரண்டு மணிக்கு வெப்பநிலையை அளந்துவிட்டு, "நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே" என்பவர்கள் அதிகம். வித்தியாசம் தெரிவது ராத்திரியில்தான். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டிய பிறகுதான் கக்கும். நெருக்கமான சந்தில் சுவருக்கு எதிரே வானம் கிடையாது, இன்னொரு சுவர்தான். இது விடுவதை அது வாங்கிக்கொள்ளும். அதனால் பொழுது சாய்ந்து 3 மணி நேரம் கழித்து ஒரு தடவை, விடிவதற்குச் சற்று முன் ஒரு தடவை கட்டாயம் அளங்கள். தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிழலில், காற்றோட்டத்தில் தொங்கட்டும். கைப்பிடிச் சுவரில் வைத்தால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

* * *

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் கருவி காற்றை அளக்காது, பரப்பை மட்டுமே அளக்கும். பெரும்பாலும் எமிசிவிட்டி (பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்ற எண்) 0.95 என்று வைத்திருப்பார்கள். கான்கிரீட்டுக்கும் பெயின்ட்டுக்கும் அது சரி. பளபளப்பான தகரக் கூரையில் அடித்தால், கை வைக்க முடியாத சூட்டிலும் குறைவாகக் காட்டும். குளிர்ந்த வானத்தின் பிரதிபலிப்பு அது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பைக் குறிவைத்து அளங்கள். கருவியில் 12:1 என்று போட்டிருந்தால் (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்), 12 அடி தள்ளி நின்றால் ஓரடி வட்டத்தின் சராசரிதான் வரும். டேப்புக்கு ஒட்டினாற்போல் நில்லுங்கள்.

மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு பூசியவர்கள் வருஷா வருஷம் தளத்தைக் கழுவி அளக்கவும். தூசி படிந்த வெள்ளைக்கு வெயிலைத் திருப்பும் சக்தி குறைந்துவிடும். பாசியைச் சுரண்டாமல், வெடிப்பை அடைக்காமல் பூசினால் அடியில் ஈரம் புகுந்து அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும்.

* * *

ராத்திரி ஜன்னலைத் திறந்தால் தளம் குளிரும், சரி. ஆனால் அந்நேரம் காற்று அடங்கி, தரையை ஒட்டிய புகை மேலே கலையாது. காலை வண்டி நெரிசல் அந்த மெல்லிய படலத்துக்குள்தான் புகையைக் கொட்டும். நெரிசலுக்கு முன்பே சாத்திவிடுங்கள்.

காற்றில் மிதக்கும் நுண்துகளை அளக்கும் துகள் மீட்டரை அப்படியே நம்பவும் வேண்டாம். லேசர் சிதறலில் ஓடும் மலிவு சென்சார், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் நீர் ஏறி வீங்கிய துகளைப் பெரிய துகளாகவே எண்ணும். ஈரப்பதமும் துகள் எண்ணும் சேர்ந்து ஏறினால் சந்தேகப்படுங்கள். PM2.5 என்னும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி. அடுப்பில் எண்ணெய் காயும் ஐந்து நிமிடத்தை அதோடு ஒப்பிடாதீர்கள். பிற்பகலில் ஏறும் ஓசோனோ வாயு, துகள் அல்ல; இந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

* * *

ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்கு ஒரு திருத்தம்: மொத்தமாகச் சாத்த வேண்டியதில்லை. சாலைப் பக்க ஜன்னலில் ஃபேனை வெளியே தள்ளும்படி வைத்து, பின்பக்க ஜன்னலைத் திறங்கள். உள்ளே வருவது பின்பக்கக் காற்று. பின்பக்கம் திறக்க மறந்தால் மாடிப்படி, குளியலறைச் சாக்கடைத் துளை என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் இழுக்கும். நாற்றம் அடித்ததும் தெரிந்துவிடும்.