நிற்கிற வானின் பற்றறியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பழைய ஹைஏஸ் வான் ஒன்றைப் படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து மாற்றினேன். நுவரெலியாவுக்கு ஒருமுறை, அறுகம்குடாவுக்கு ஒருமுறை போனதோடு சரி. மற்ற நாளெல்லாம் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் நிலக்கீழ்த் தளத்தில் நிற்கிறது. அங்கே பிளக் பொயின்ட்டும் இல்லை, வெயிலும் இல்லை.

இரண்டு மாதத்தில் எஞ்சின் பற்றறி படுத்துவிட்டது. அலாரமும் மணிக்கூடும் சேர்ந்து 30 மில்லிஅம்பியர் இழுக்கின்றன. 60 நாளில் 43 அம்பியர் மணி போய்விடும்! உள்ளே இருக்கும் 100 அம்பியர் மணி ஏஜிஎம் (மூடி அடைத்த ஈய அமில வகை) பற்றறியும் 12.1 வோல்ட்தான் காட்டியது. நிறைந்திருந்தால் 12.7 அளவில் இருக்க வேண்டும். இப்படிக் கிடந்தால் தகட்டில் சல்பேற்று இறுகிவிடும். கொழும்புச் சூட்டில் சார்ஜ் தானாக இறங்குவதும் வேகம்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்கிறார் கராஜ் பாஸ். எனக்கு நம்பிக்கை இல்லை.

நெகட்டிவ் வயரைக் கழற்றி விட்டால் போதுமா? அல்லது மாதம் ஒருமுறை பற்றறிகளை வீட்டுக்குத் தூக்கி வந்து சார்ஜ் போடுவதா? (ஏஜிஎம் கிட்டத்தட்ட 30 கிலோ, முதுகு பாவம்.) தெஹிவளையில் மாமா வீட்டு முற்றத்தில் நல்ல வெயில் உண்டு. அங்கே விட்டால் இரண்டுக்கும் எத்தனை வாட் சோலர் பேனல் வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.