பல்லிடுக்கில் எட்டு வளையங்கள்: கம்பி போடுவதற்கு முந்திய அந்த ஒரு வாரம்

வெள்ளவத்தை, 13 வயது மகளின் தாய்

மகளின் கடைவாய்ப் பற்களுக்கிடையே நேற்று மாலை எட்டு இரப்பர் வளையங்களை வைத்து அனுப்பினார்கள். ஸ்பேசர் என்றார்கள். பல்லுக்குக் கம்பி போடுவதைப் பற்றி வீட்டில் ஆறு மாதமாகக் கதைத்திருக்கிறோம். எக்ஸ்ரே எடுத்தோம், பல்லுக்கு அச்சு எடுத்தோம், எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்த்தோம். கம்பிக்கு முன்னால் இப்படி ஒரு வாரம் இருக்கிறது என்பதை மட்டும் எவரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

வைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குறடு போன்ற ஒரு கருவியின் நுனியில் வளையத்தை மாட்டி, அதை இழுத்து விரித்து, இரண்டு பற்களுக்கு நடுவே முன்னும் பின்னும் அசைத்து இறக்கினார். "இறைச்சி நார் சிக்கியதுபோல இருக்கிறது அம்மா" என்றாள். காலி வீதியில் பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தாள். இரவு ஒன்பது மணியானபோது இரண்டு தாடையையும் ஒன்றோடொன்று வைக்க முடியவில்லை. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, நாக்காலேயே நசித்து விழுங்கினாள். இன்று பாடசாலைக்கு அனுப்பவில்லை. வியாழக்கிழமை தவணைப் பரீட்சை தொடங்குகிறது.

இந்த வலி எத்தனை நாள் இருக்கும்? ஒரு வளையத்தையாவது எடுத்துவிடச் சொல்லலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை, இரண்டு ஆண் பிள்ளைகளின் தந்தை

எடுக்கச் சொல்லாதீர்கள் சகோதரி. இன்றிரவையும் கடந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

என் இரண்டு பையன்களுக்கும் ஒரே ஒழுங்கில்தான் நடந்தது. வைத்த முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. அன்று மாலையில் தொடங்கும். மறுநாளும் அந்த இரவும்தான் உச்சம். மூன்றாம் நாள் விடியும்போது ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும். ஐந்தாம் நாள் மூத்தவன் வளையம் இருப்பதையே மறந்து கறியில் கிடந்த எலும்பைக் கடிக்கப் போனான், நான்தான் தடுத்தேன். இளையவன் வலி தாங்காதவன். அவனுக்கு ஒரு நாள் கூடுதலாக எடுத்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை உங்கள் மகள் பரீட்சை எழுதுவாள். இந்த வலிக்கு ஒரு உச்சம் இருக்கிறது, அதற்குப் பிறகு இறக்கம்தான் என்பதை அவளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். என் மூத்தவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடமும் இப்படித்தான் வலிக்கும் என்று எண்ணிக்கொண்டு அவன் அன்றிரவு முழுவதும் அழுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

தெஹிவளை, பல் சிகிச்சை நிலையமொன்றில் 14 வருடம் உதவியாளராக இருந்தவள்

நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல அவகாசம் கிடைப்பதில்லை.

கம்பியைத் தாங்குவதற்காகக் கடைவாய்ப் பல்லைச் சுற்றி மோதிரம்போல ஓர் உலோகப் பட்டியைப் போட்டுச் சிமெந்தால் ஒட்டுவார்கள். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கமாக முட்டிக்கொண்டு நிற்கின்றன. நூல் போகவே சிரமப்படும் இடம் அது. அங்கே பட்டி நுழைய இடம் வேண்டும். அந்த இடத்தை இந்த வளையம் உண்டாக்குகிறது. இழுத்து விரித்து உள்ளே வைத்த இரப்பர் தன் பழைய தடிப்புக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த விசையில் இரண்டு பற்களும் மெல்ல விலகுகின்றன. கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய கால் மில்லிமீற்றர்தான், ஒரு தபாலட்டையின் தடிப்பு. பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் ஒன்று இருக்கிறது. பல் நகரும்போது அது நசுங்கி அழற்சி அடைவதால்தான் கடிக்கும்போது அப்படி வலிக்கிறது. பல் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எல்லாருக்கும் எட்டு வளையம் வைப்பதில்லை. நான்கு முதலாவது கடைவாய்ப் பற்களுக்கும் பட்டி போடுவதென்றால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இரண்டாவது கடைவாய்ப்பல் இன்னும் முளைக்காத பிள்ளைக்கு அந்தப் பக்கம் முட்டுவதற்கு எதுவும் இல்லை, ஆகவே வளையமும் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலுதானே வைத்தார்கள் என்று கேட்கும் பெற்றோர் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து செய்யுங்கள். வைத்த வளையம் எத்தனை, எந்தெந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவில் பல் துலக்கியதும் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணுங்கள். நீலம், பச்சை என்று அடர்ந்த நிறத்தில் வளையம் செய்வதே ஈறின் சிவப்பில் கண்ணுக்குத் தப்பாமல் இருப்பதற்காகத்தான். ஒரு முறை ஒரு பையன் வந்தான். ஒரு வளையம் குறைந்திருந்தது. சாப்பிடும்போது விழுந்திருக்கும் என்று தாயார் சொன்னார், ஆனால் விழுந்ததை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. அந்த இடத்து ஈறு வீங்கியிருந்தது. வைத்தியர் விரல் வைத்ததும் பிள்ளை துள்ளினான். வளையம் ஈறுக்குள் இறங்கி மறைந்திருந்தது. அன்றே கண்டுபிடித்ததால் எடுத்தாயிற்று. உள்ளேயே தங்கியிருந்தால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே அது அரித்துவிடக்கூடும். விழுந்த வளையத்தால் பெரிய தீங்கில்லை. எங்கே போனது என்று தெரியாத வளையத்துக்குத்தான் பயப்பட வேண்டும். விழுந்தால் எடுத்து ஒரு சிறு பெட்டியில் போட்டு வையுங்கள், உடனே தொலைபேசியில் அறிவியுங்கள். நீங்களாகத் திருப்பி மாட்ட முயல வேண்டாம்.

வளையம் உள்ள இடத்தில் பல் நூல் வேண்டாம், குச்சி வேண்டாம். பிரஷ் தாராளமாகப் போடலாம். இளஞ்சூட்டு நீர் ஒரு கிளாசில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். இரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு வகை வளையம் உண்டு.

தெமட்டகொடை, 29 வயது, புறக்கோட்டையில் வேலை

எனக்கு நோன்பு காலத்தில் வைத்தார்கள் அக்கா. நாள் மாற்றிக் கேட்டிருக்கலாம். தெரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பகலில் மாத்திரை போட முடியாது. ஆகவே விடியலுக்கு முன் ஸஹருக்குச் சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பனடோல் (பரசிட்டமோல்), நோன்பு திறந்த பிறகு தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது. தடிமனுக்குப் போடும் மாத்திரைகள் சிலவற்றிலும் அதே மருந்து இருப்பதால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். நான் பயந்தது பகல் வலிக்குத்தான். உண்மையில், மெல்லாமல் இருக்கும்வரை ஒரு கனம் மட்டுமே இருந்தது. வாயில் ஒன்றை வைத்துக் கடிக்கும்போதுதான் உயிர் போனது.

சிக்கல் பேரீச்சம்பழத்தில் வந்தது. அது ஒட்டும், வளையத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். உம்மா கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துத் தந்தார். அதைக் குடித்து நோன்பு திறந்தேன். பள்ளிவாசல் கஞ்சியைப்போல ஒரு சாப்பாடு இந்த நேரத்துக்கு வேறு இல்லை: சோறு குழைந்திருக்கும், தேங்காய்ப்பால் இருக்கும், பசியும் ஆறும். ரோல்ஸையும் சமோசாவையும் தம்பிமாருக்குக் கொடுத்துவிட்டேன். பெருநாளுக்கு முதல் நாள் பட்டி போட்டார்கள். பெருநாள் காலையில் வட்டிலப்பம் மட்டும் சாப்பிட்டேன், அதுவும் இரண்டு கிண்ணம்.

29 வயதில் கம்பியா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். இருபது வருடம் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் நான். எனக்கு அது போதும்.

பம்பலப்பிட்டி

என் அக்கா மகன் கச்சான் அல்வாவோடு வளையம் ஒன்றை விழுங்கிவிட்டான். வைத்தியரைக் கேட்டோம். சாதாரணமாக வயிற்றோடு போய்விடும் என்றார், அப்படியே ஆயிற்று. விழுங்கும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மட்டும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தொதல், டொபி, சூயிங்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

கிருலப்பனை, தரம் 8 மாணவனின் தாய்

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் இருப்பது கொழும்பில், டெங்கு வருடம் முழுவதும் இருக்கும் ஊரில்.

மகனுக்கு வளையம் வைத்து மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. பல்லில் கை வைத்தால் சூடு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். முதல் நாளிலிருந்தே பல்வலிக்கு என்று வீட்டில் மீதமிருந்த ஐபுபுரோஃபனைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் காய்ச்சல் இறங்காததால் குடும்ப வைத்தியரிடம் ஓடினேன். இந்த வளையத்தால் காய்ச்சல் வராது, காய்ச்சலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். ஐபுபுரோஃபனை உடனே நிறுத்தச் சொன்னார். டெங்காக இருந்தால் இரத்தக் கசிவு ஆபத்தை அது கூட்டிவிடும். இரத்தப் பரிசோதனை செய்தோம். இரத்தவட்டுக்கள் குறையவில்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். அறிக்கை கைக்கு வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத முடியாது.

பிறகு பல் வைத்தியரிடம் சொன்னபோது அவரும் பனடோலைத்தான் விரும்புவதாகச் சொன்னார். பல் நகர்வதற்குத் துணைசெய்யும் அழற்சியை மற்ற மாத்திரை தணித்துவிடலாம் என்பது அவருடைய காரணம். பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்றபடி, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. என் மகன் 38 கிலோ, ஒரு மாத்திரை போதுமாக இருந்தது.

காய்ச்சலால் பட்டி போடும் நாள் தள்ளிப்போய், வளையம் பதினொரு நாள் வாயில் இருந்தது. கேட்டுத்தான் விட்டோம். கேட்காமல் நாளைக் கடத்தாதீர்கள்.

நாரஹேன்பிட்டி, பல்கலைக்கழக மாணவி

எனக்கு வளையமே வைக்கவில்லை. கடைவாய்ப் பல்லிலும் பட்டி இல்லாமல், கம்பி நுழையும் சிறு குழாயை நேராக ஒட்டிவிட்டார்கள். தம்பிக்கு மேல்தாடையை அகலப்படுத்தும் கருவி போட வேண்டியிருந்தது, அதைத் தாங்கப் பட்டி வேண்டும், ஆகவே அவனுக்கு வைத்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு விதம். உங்களுக்கு எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை, மகளின் தாய், மீண்டும்

நேற்றுப் பட்டி போட்டாயிற்று. உங்கள் எல்லாருக்கும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாம் இரவு படுக்கப் போகுமுன் ஒரு பனடோல் கொடுத்து, "இதுதான் உச்சம் பிள்ளை, நாளையிலிருந்து இறங்கும்" என்றேன். "உண்மையாகவா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் நாள் பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டாள். வியாழக்கிழமை பரீட்சைக்குப் போனாள்.

தெஹிவளை அக்கா, உங்கள் தாளைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினோம். அவளே கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வோர் இரவும் எண்ணினாள். ஐந்தாம் நாள் வாய் கொப்பளிக்கும்போது கீழ் வலப்பக்க வளையம் ஒன்று தொட்டியில் விழுந்தது. எடுத்துத் தீப்பெட்டியில் போட்டோம். தொலைபேசியில் கேட்டதற்கு, இரண்டு நாளில் வரத்தானே போகிறீர்கள், இடைவெளி அதற்குள் மூடிவிடாது, புதிதாக வைக்க வேண்டியதில்லை என்றார்கள்.

எடுப்பதில் வலியே இல்லை. கொக்கி போன்ற கருவியால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுத்தார்கள். தட்டில் ஏழு கிடந்தன. வைத்தியர் கேட்பதற்கு முன்னமே மகள் தீப்பெட்டியைத் திறந்து எட்டாவதைப் பக்கத்தில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

வளையம் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் நாக்கை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பட்டியை அளவு பார்த்து, ஒரு குச்சியைக் கடிக்கச் சொல்லி அழுத்தி இறக்கினார்கள். அது அழுத்தமாகத்தான் இருந்ததாம், ஆனாலும் இரண்டாம் இரவுக்குப் பக்கத்தில் வராது என்கிறாள். முன்பல்லுக்குக் கம்பி அடுத்த வாரம். அதற்கும் முதல் இரண்டு நாள் வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். சரி, அப்படியென்றால் சனிக்கிழமை போவோம், திங்கட்கிழமை பாடசாலைக்குப் போய்விடலாம் என்று அவளே நாளைக் குறித்துவிட்டாள்.